கல்லாவில் இருப்பதெல்லாம் வருமானமா? சுயதொழில் செய்பவர் தன் வருமானத்தையும் சொத்தையும் கணக்கிட ஒரு முழுமையான வழிகாட்டி

மதுரையில் எங்கள் தெருமுனையில் ஒரு அக்கா தையல்கடை வைத்திருக்கிறார். ஜாக்கெட், சுடிதார், பள்ளிச் சீருடை என 18 வருடமாக மிஷின் ஓடுகிறது. நான் சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பவன். போன வருடம் ஆடி மாதம், வேலை குறைவாக இருந்த ஒரு மத்தியானம், அவர் என்னிடம் கேட்டார்: "மாசம் அறுபது எழுபது வருது தம்பி. ஆனா கையில ஒண்ணும் நிக்க மாட்டேங்குது. எங்க போகுதுன்னே தெரியல."

இதே கேள்வியை டீக்கடைக்காரர், எலக்ட்ரீசியன், ஆட்டோ ஓட்டும் அண்ணன் எல்லோரிடமிருந்தும் கேட்டிருக்கிறேன். சம்பளத்துக்குப் போகிறவருக்கு வருமானம் எவ்வளவு என்று முதலாளி சீட்டுப் போட்டுக் கொடுத்துவிடுகிறார். சொந்தத் தொழில் செய்பவர் அந்தச் சீட்டைத் தானே எழுதிக்கொள்ள வேண்டும். பெரும்பாலானோர் ஒருமுறைகூட அதை எழுதிப் பார்த்ததில்லை. அக்காவோடு உட்கார்ந்து எழுதியதை அப்படியே படிப்படியாகச் சொல்கிறேன். எண்கள் ஒரு தையல்கடையுடையவை. உங்கள் தொழிலின் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

படி 1: கல்லாவையும் வீட்டையும் பிரியுங்கள்

அக்காவின் கல்லாவிலிருந்துதான் கேஸ் சிலிண்டருக்குப் பணம் போகும், லைனிங் துணி வாங்கவும் போகும், மகளின் ஸ்கூல் வேனுக்கும் போகும். எது கடைச் செலவு, எது வீட்டுச் செலவு என்று ஒரு வாரம் கழித்து யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

முதல் வேலையாகக் கடைக்கு என்று தனி பேங்க் அக்கவுன்ட் வையுங்கள். வரவு பெரிதாக இருந்தால் கரன்ட் அக்கவுன்ட் சரியாக இருக்கும். கடையில் ஒட்டியிருக்கும் க்யூஆர் ஸ்டிக்கர் அந்த அக்கவுன்ட்டோடு இணைந்திருக்க வேண்டும். அக்காவின் கடையில் ஸ்டிக்கர் கல்லூரியில் படிக்கும் மகன் பெயரில் இருந்தது. அவனுக்குத்தான் போன் நன்றாகத் தெரியும் என்று அவனே போட்டுக் கொடுத்திருக்கிறான். இப்படிச் செய்தால் கடையின் வரவு முழுக்க மகன் கணக்கில் ஏறும். நாளைக்கு வருமான வரி அலுவலகம் கேட்டால் பதில் சொல்ல வேண்டியவன் அவன். அக்கா லோன் கேட்டுப் போனால் அவர் பெயரில் காட்ட ஒரு வரவும் இருக்காது. அன்றைக்கே மாற்றினோம்.

ரொக்கத்துக்கும் இதே விதிதான். கல்லாவிலிருந்து வீட்டுக்கு ஒரு ரூபாய் எடுத்தாலும் "வீட்டுக்கு" என்று எழுதிவிட்டு எடுங்கள். எடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. எழுதாமல் எடுக்காதீர்கள், அவ்வளவுதான்.

படி 2: 90 நாள் சிட்டை

பழைய கடைகளில் சிட்டை, பேரேடு என்று இரண்டு வைத்திருப்பார்கள். அன்றன்று நடப்பதைக் கிறுக்கி வைப்பது சிட்டை. உங்களுக்கு இப்போதைக்கு அது போதும். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, ஒரு நாளைக்கு நான்கே வரி எழுதுங்கள்: ரொக்க வரவு, ஜிபே வரவு, கடைச் செலவு, வீட்டுக்கு எடுத்தது. ராத்திரி ஷட்டரை இறக்கும் முன் ஐந்து நிமிடம் ஆகும்.

தையல்கடையில் அளவு நோட்டு ஏற்கெனவே இருக்கிறது. மார்பளவு, கை நீளம், கழுத்து இறக்கம் எல்லாம் எழுதி, ஓரத்தில் அட்வான்ஸ் வாங்கியதையும் குறித்திருப்பார்கள். அந்த ஓரத்திலேயே கூலி எவ்வளவு, பாக்கி எவ்வளவு என்று இரண்டு கட்டம் சேர்த்தோம். வசூலாகாமல் கிடந்த பாக்கி 9,000 ரூபாய் என்று அப்படித்தான் தெரிந்தது. தைத்து முடித்து, வாங்கிக்கொள்ள ஆள் வராமல் பையில் தொங்கிய ஜாக்கெட்டுகளே பதினொன்று இருந்தன.

90 நாள் எழுதினால் ஓரளவு பிடிபடும். ஆனால் சுயதொழிலில் மாதத்துக்கு மாதம் ஏற்ற இறக்கம் பெரிது. தையல்காரருக்குத் தீபாவளியும் ஜூன் மாதச் சீருடையும் தூக்கிவிடும், ஆடியும் மார்கழியும் இறக்கிவிடும். மொத்தக் கணக்கு ஒரு வருடச் சராசரியில்தான் சரியாக வரும். பழைய அளவு நோட்டையும் பேங்க் ஸ்டேட்மென்ட்டையும் வைத்து, விடுபட்ட மாதங்களை ஓரளவு நிரப்பிக்கொள்ளலாம்.

படி 3: உண்மையான வருமானம் எவ்வளவு

அக்காவின் மாதச் சராசரி வரவு 68,000 ரூபாய். அவர் தன் வருமானம் என்று நினைத்துக்கொண்டிருந்தது இதைத்தான். இனி செலவைக் கழிப்போம்.

லைனிங், நூல், ஊக்கு, பட்டன் எல்லாம் சேர்த்து 9,500. கடை வாடகை 7,000. மின்சாரம் 1,400. பீஸ் கணக்கில் தைக்கும் பெண்ணுக்கும், ஊக்கு கட்டி ஹெம்மிங் செய்யும் பாட்டிக்கும் கூலி 16,000. மிஷின் ரிப்பேர், எண்ணெய் 600. டீ, கேரி பை, சில்லறைச் செலவு 1,500. மொத்தம் 36,000. மிச்சம் 32,000.

பலர் இங்கேயே நிறுத்திவிடுவார்கள். இன்னும் இரண்டு செலவு இருக்கிறது, அவை எந்தப் பில்லிலும் வராது.

முதலாவது மிஷின் தேய்மானம். இரண்டு பவர் மிஷினும் ஒரு ஓவர்லாக்கும் வாங்கிய விலை 72,000. ஆறு வருடம் ஓடும் என்று வைத்தால் மாதம் 1,000 ரூபாய் தேய்கிறது. அதைக் கழித்தால் 31,000. இந்த ஆயிரத்தை ஒதுக்காதவர்கள்தான் மிஷின் படுத்த அன்று வட்டிக்கு ஓடுகிறார்கள். ஆட்டோ ஓட்டுபவருக்கு டயரும் எஃப்சியும் (வண்டித் தகுதிச் சான்று), டிபன்கடைக்கு கிரைண்டர், எலக்ட்ரீசியனுக்கு டிரில்லிங் மிஷின் என்று ஒவ்வொரு தொழிலுக்கும் இப்படி ஒன்று உண்டு.

இரண்டாவது வீட்டாரின் உழைப்பு. அக்காவின் மகள் சாயங்காலம் ஒன்றரை மணி நேரம் ஊக்கு கட்டுகிறாள். அதற்குக் கூலி இல்லை. அவள் கல்லூரிக்குப் போய்விட்டால் அந்த வேலைக்கு ஆள் வைக்க வேண்டும், அப்போது 31,000 குறையும். 2023-24 தொழிலாளர் கணக்கெடுப்பில் நாட்டில் வேலை செய்பவர்களில் சுமார் 58 சதவீதம் பேர் சுயதொழில் செய்பவர்கள். அந்த 58க்குள்ளேயே, குடும்பத் தொழிலில் சம்பளமில்லாமல் உதவுபவர்களும் அடக்கம். கடை லாபத்தின் ஒரு பகுதி அவர்களுடையது. குறைந்தபட்சம் அதை நோட்டில் எழுதியாவது வையுங்கள்.

சரி, 31,000 ரூபாயை மணிக்கணக்கில் பிரிப்போம். தினமும் 10 மணி நேரம், மாதம் 26 நாள் என்றால் 260 மணி நேரம். மணிக்கு 119 ரூபாய். இந்த எண்ணைப் பார்த்ததும் அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அப்ப எந்த வேலைக்கு எவ்வளவு நிக்குதுன்னு பாத்துடுவோம் தம்பி" என்றார்.

பார்த்தோம். வாடகை, மின்சாரம், ரிப்பேர், சில்லறை, தேய்மானம் சேர்த்து 11,500. இதை 260 மணி நேரத்துக்குப் பிரித்தால் கடை திறந்திருக்கும் ஒவ்வொரு மணிக்கும் 44 ரூபாய். சாதா ஜாக்கெட்டுக்குக் கூலி 180, நூல் ஊக்கு 10, தைக்க ஒரு மணி நேரம். நிற்பது 126. லைனிங் ஜாக்கெட்டுக்குக் கூலி 350, லைனிங் உட்படப் பொருள் 75, தைக்க இரண்டரை மணி நேரம், கடைச் செலவு 110. நிற்பது 165. மணிக்குப் பார்த்தால் 66 ரூபாய்தான்! பெரிய வேலை, நல்ல காசு என்று ஆசையாக எடுத்துக்கொண்டிருந்த வேலை, சாதா ஜாக்கெட்டின் பாதியைத்தான் கொடுத்துக்கொண்டிருந்தது. உதவியாளரின் நேரத்தையும் சேர்த்தால் கணக்கு இன்னும் நுணுக்கமாகும், ஆனால் விலை எங்கே தப்பு என்று காட்ட இதுவே போதும். லைனிங் கூலியை 425 ஆக்கினார். இரண்டு மூன்று பேர் முணுமுணுத்தார்கள், பிறகு அவர்களும் வந்துவிட்டார்கள்.

உங்கள் தொழிலில் அடிக்கடி வரும் ஐந்து வேலைகளை எடுத்து இதே கணக்கைப் போடுங்கள். இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

படி 4: உங்களுக்கு நீங்களே சம்பளம் கொடுங்கள்

எங்கள் பக்கம் மழை ஐப்பசி கார்த்திகையில் கொட்டும். கண்மாயில் தேக்கி, மடையைத் திறந்து வருடம் முழுக்கப் பாய்ச்சுவார்கள். சுயதொழில் வருமானத்துக்கும் ஒரு கண்மாய் வேண்டும். கடை அக்கவுன்ட்தான் கண்மாய், ஒவ்வொரு மாதமும் 1ஆம் தேதி வீட்டு அக்கவுன்ட்டுக்குப் போகும் நிலையான தொகைதான் மடை.

அக்காவுக்கு 17,000 என்று முடிவு செய்தோம். அவர் கணவரும் சம்பாதிக்கிறார் என்பதால் வீடு ஓடும். தீபாவளி மாதம் லட்சத்தைத் தாண்டி வரவு வந்தாலும் 17,000தான். ஆடியில் 35,000 மட்டும் வந்தாலும் 17,000தான்.

எவ்வளவு வைப்பது? சராசரி லாபத்தில் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்குக்குள் வையுங்கள். முழு லாபத்தையும் சம்பளமாக எடுத்தால் கண்மாயில் தண்ணீர் நிற்காது. ஆரம்பிக்கும்போது கடை அக்கவுன்ட்டில் ஒன்றுமே இருக்காது என்பதால், தீபாவளி மாதிரி ஒரு நல்ல சீசன் முடிந்ததும் தொடங்குவது எளிது.

படி 5: சொத்துப் பக்கம் எழுதுங்கள்

வருமானம் என்பது வந்து போவது. சொத்து என்பது கடன் எல்லாம் போக உங்களிடம் நிற்பது. நோட்டில் ஒரு பக்கத்தை இரண்டாகப் பிரியுங்கள். இடப்பக்கம் இருப்பவை, வலப்பக்கம் கொடுக்க வேண்டியவை.

அக்காவின் இடப்பக்கம்: மிஷின்களை இன்று விற்றால் 45,000. கடை அட்வான்ஸ் 70,000. துணி, நூல் இருப்பு 12,000. வர வேண்டிய பாக்கி 9,000. பேங்கில் 22,000. மொத்தம் 1,58,000.

வலப்பக்கம்: தெரிந்தவரிடம் மூணு வட்டிக்கு வாங்கியது 50,000. வாரக் குழுக் கடன் பாக்கி 28,000. நூல் கடைக்குக் கொடுக்க வேண்டியது 4,000. மொத்தம் 82,000.

கழித்தால் 76,000. இது தவிர ஆறு சவரன் நகை பேங்கில் 1,40,000 ரூபாய்க்கு அடகில் இருந்தது. அதைத் தனி வரியாக எழுதினோம், ஏனென்றால் மீட்டால்தான் அது முழுசாக அவருடையது.

18 வருடத் தையலுக்கு, நகை நீங்கலாக 76,000. அக்காவிடம் ஊதாரித்தனம் துளியும் கிடையாது. இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்திருக்கிறார். தம்பி கல்யாணத்துக்குச் செய்திருக்கிறார். ஆனால் கடையின் பணம் சொத்தாக மாற வேண்டிய இடத்தில் வட்டியாக மாறிக்கொண்டே இருந்திருக்கிறது.

எழுதும்போது இரண்டு விஷயம் கவனியுங்கள். வாங்கிய விலையைப் போடாதீர்கள், இன்று விற்றால் என்ன கிடைக்குமோ அதைப் போடுங்கள். கடை அட்வான்ஸுக்கு எழுத்துப்பூர்வமான ஒப்பந்தம் இருக்கிறதா என்று பாருங்கள். அக்காவிடம் இருந்தது பத்து வருடத்துக்கு முந்தைய, 40,000 என்று எழுதிய காகிதம். இடையில் கொடுத்த 30,000க்கு ஆதாரமே இல்லை. ஓனர் நல்ல மனிதர், புது ஒப்பந்தம் போட்டுக் கொடுத்தார்.

படி 6: கடனை எந்த வரிசையில் அடைப்பது

மூணு வட்டி என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் 3 ரூபாய், வருடத்துக்கு 36 சதவீதம். 50,000க்கு மாதம் 1,500, வருடத்துக்கு 18,000 போகிறது, அசல் அப்படியே நிற்கிறது. உலகத்தில் எந்த நேர்மையான முதலீடும் நிச்சயமாக 36 சதவீதம் தராது. அதனால் இந்தக் கடனை அடைப்பதுதான் உங்களுக்குக் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த முதலீடு. இது இருக்கும்போது சேமிப்பு, சீட்டு, தங்கம் எதுவும் வேண்டாம்.

32,000ல் சம்பளம் 17,000, மிஷின் ஒதுக்கீடு 1,000 போக 14,000 இருக்கிறது. வாரக் குழுவுக்கு வாரம் 1,100 வீதம் மாதம் சுமார் 4,700. மூணு வட்டிக் கடனுக்கு வட்டியும் அசலுமாக 8,000. மீதி 1,300 அடகுக் கடன் வட்டிக்கு. இப்படிப் போனால் மூணு வட்டிக் கடன் ஏழெட்டு மாதத்தில் முடியும். கடன் கொடுத்தவரிடம் அசலைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொள்ளச் சொல்லி முன்னாலேயே பேசிவிடுங்கள். சிலர் "முழுசாத்தான் வாங்குவேன்" என்பார்கள். அப்படியென்றால் தனி அக்கவுன்ட்டில் சேர்த்து மொத்தமாகக் கொடுங்கள், கொடுத்த அன்றே புரோநோட்டைத் திரும்ப வாங்கிவிடுங்கள்.

கந்துவட்டியில் மாட்டியிருப்பவர்களுக்கு: தமிழ்நாட்டில் 2003ஆம் வருடச் சட்டப்படி அது குற்றம். பயந்து இன்னொரு இடத்தில் வாங்கி இங்கே கட்டாதீர்கள். கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுக்கலாம், போலீஸிலும் புகார் கொடுக்கலாம்.

தொழிலுக்கு உண்மையிலேயே பணம் தேவைப்பட்டால் முதலில் பேங்குக்குப் போங்கள். முத்ரா கடனில் 50,000 வரை சிசு, 5 லட்சம் வரை கிஷோர், 10 லட்சம் வரை தருண் என்று பிரிவுகள் உண்டு, ஈடு கேட்கக் கூடாது. தள்ளுவண்டி, நடைபாதை வியாபாரிகளுக்கு ஸ்வநிதி திட்டத்தில் முதல் கடன் 15,000, ஒழுங்காகக் கட்டினால் அடுத்து 25,000, பிறகு 50,000.

படி 7: உடம்புக்கும் உயிருக்கும் காப்பு

தையல்காரருக்கு முதுகு போனால் கடை போச்சு. சுயதொழிலில் மருத்துவ விடுப்பு கிடையாது, இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) கிடையாது. அதனால் முதலீட்டுக்கு முன்னால் இது.

குடும்பத்தின் வருட வருமானம் 1,20,000க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் 5 லட்சம் வரை சிகிச்சை கிடைக்கும். அதற்கு மேல் என்றால் சொந்தமாகக் குடும்பப் பாலிசி எடுங்கள், சர்க்கரையோ பிரஷரோ வரும் முன்பே எடுத்துவிடுவது நல்லது. பேங்க் அக்கவுன்ட் வழியாக எடுக்கும் ஜீவன் ஜோதி வருடத்துக்கு 436 ரூபாய், 2 லட்சம் உயிர்க் காப்பீடு, 50 வயதுக்குள் சேர வேண்டும். சுரக்ஷா விபத்துக் காப்பீடு வருடத்துக்கு 20 ரூபாய், அதுவும் 2 லட்சம், 70 வயது வரை. இந்த இரண்டும் இல்லாமல் இருக்க ஒரு காரணமும் இல்லை. அக்கவுன்ட்டில் மே மாதக் கடைசியில் பணம் இருக்கும்படி மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தையல், சலவை, முடிதிருத்தம், ஆட்டோ என்று பல தொழில்களுக்குத் தமிழக அரசின் தனித்தனி நல வாரியங்கள் இருக்கின்றன. பிள்ளைகள் படிப்பு, கல்யாணம், விபத்து, 60 வயதுக்கு மேல் ஓய்வூதியம் என்று உதவிகள் உண்டு. பதிவு செய்துவிட்டுப் புதுப்பிக்க மறந்தவர்களை நிறையப் பார்க்கிறேன், அதனால்தான் சொல்கிறேன்.

படி 8: வரிக்குப் பயந்து ஒளிக்காதீர்கள்

அக்காவின் வருட லாபம் 3,72,000. புதிய வரி முறையில் 4 லட்சம் வரை வரியே கிடையாது, தள்ளுபடியோடு சேர்த்தால் 12 லட்சம் வரை தொழில் வருமானத்துக்கு ஒன்றும் கட்ட வேண்டியதில்லை. இருந்தும் பலர் ரிட்டர்ன் போடப் பயப்படுகிறார்கள்.

சிறு தொழிலுக்கு அனுமான வரி முறை இருக்கிறது. விற்றுவரவு 2 கோடி வரை, ரொக்கமாக வந்ததில் 8 சதவீதம், பேங்க் வழியாக வந்ததில் 6 சதவீதத்தைக் குறைந்தபட்ச லாபமாகக் காட்டலாம், கணக்குப் புத்தகம் தேவையில்லை. ஆனால் உண்மையான லாபம் அதைவிட அதிகம் என்றால் அதைத்தான் காட்ட வேண்டும். காட்டுவதில் உங்களுக்கே லாபமும் இருக்கிறது. வீட்டுக் கடனுக்குப் போனால் பேங்க் இரண்டு மூன்று வருட ரிட்டர்னைக் கேட்கும். வருடத்துக்கு 65,000 என்று காட்டியவருக்கு யார் பத்து லட்சம் கொடுப்பார்கள்?

ஜிஎஸ்டி பதிவு தமிழ்நாட்டில் சேவைக்கு 20 லட்சம், பொருள் மட்டும் விற்பவருக்கு 40 லட்சம் வரவைத் தாண்டினால்தான். உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) முழுக்க இலவசம், யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். அந்தப் பதிவோடு தயாரிப்போ சேவையோ செய்பவருக்கு, வாங்கிய நிறுவனம் 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும் என்று 2006ஆம் வருடச் சட்டம் சொல்கிறது. தாமதித்தால் ரிசர்வ் பேங்கின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. சீருடை ஆர்டர் எடுத்துப் பணத்துக்கு நடையாய் நடப்பவர்கள் இதை பில்லிலேயே ஒரு வரியாக அச்சடித்துக்கொள்ளலாம்.

படி 9: கடைக்கு வெளியே சொத்து

கடன் முடிந்ததும் மாதம் விடுபடும் 12,700ஐ அப்படியே சேமிப்புக்குத் திருப்புங்கள். முதலில் ஆறு மாதக் கடை வாடகை, மின்சாரம், வீட்டுச் சம்பளத்துக்கு ஈடான தொகை ஆர்டியிலோ எஃப்டியிலோ சேரட்டும். அக்காவுக்கு அது சுமார் ஒன்றரை லட்சம். கொரோனாவில் மாதக்கணக்கில் ஷட்டர் மூடிக் கிடந்ததை நினைத்துப் பார்த்தால் இது ஏன் என்று புரியும்.

அடுத்து, பிபிஎஃப் (பொது வருங்கால வைப்பு நிதி). தபால் நிலையத்திலோ பேங்கிலோ வருடத்துக்கு 500 முதல் 1,50,000 வரை போடலாம், 15 வருடம். 2020 ஏப்ரலில் நிர்ணயித்த வட்டி 7.1 சதவீதம், காலாண்டுக்கு ஒருமுறை அரசு அறிவிக்கும். தொழில் செய்பவருக்கு இதில் ஒரு பெரிய நன்மை இருக்கிறது: தொழில் கடனுக்காக நீதிமன்றத் தீர்ப்பு வந்தாலும் பிபிஎஃப் பணத்தை ஜப்தி செய்ய முடியாது. வரி பாக்கி மட்டும் விதிவிலக்கு. மாதம் 5ஆம் தேதிக்குள் கட்டினால் அந்த மாத வட்டியும் கிடைக்கும்.

18 முதல் 40 வயதுக்குள் இருப்பவர், வருமான வரி கட்டாதவர் என்றால் அடல் ஓய்வூதியத்தில் சேரலாம், 60 வயதில் மாதம் 1,000 முதல் 5,000 வரை. அக்காவுக்கு 43 வயது என்பதால் என்பிஎஸ் (தேசிய ஓய்வூதியத் திட்டம்) தொடங்கினோம். சீட்டு கட்டுவதாக இருந்தால் 1982 சட்டப்படி பதிவான சீட்டு மட்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள், சொல்லத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

எல்லா அக்கவுன்ட்டிலும் நாமினி பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். எந்தப் பேப்பர் எங்கே இருக்கிறது என்று வீட்டில் ஒருவருக்காவது தெரிய வேண்டும்.

சொத்துப் பக்கத்தை ஒவ்வொரு ஏப்ரல் 1ஆம் தேதியும் புதிதாக எழுதுங்கள். இந்த ஏப்ரலில் அக்கா அளவு நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவரே எழுதியிருந்தார். வலப்பக்கத்தில் மூணு வட்டிக் கடனின் வரி இல்லை. இடப்பக்கத்தில், அளவு எழுதும் அதே கையெழுத்தில், புதிதாக ஒரு வரி: "மிஷின் பணம் 8,000." ஓவர்லாக் மிஷின் லேசாகச் சத்தம் போட ஆரம்பித்திருக்கிறதாம்.